வாய்ச்சொல்லுக்கு ஒரு சட்டம்

‘‘வாயாலதானே சொன்னான், கையையா ஓங்கினான்? விட்டுத் தள்ளுப்பா...’’

ஊர்ப் பஞ்சாயத்துகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் சமாதானம் இது. இன்றைக்கு இணையத்தில் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டி வீடியோ போடுகிறவர்களுக்குப் பரிந்து பேசுவோரும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். தீண்டாமையின் பேரில் ஒருவரை வார்த்தையால் இழிவுபடுத்துவதே தனிக் குற்றம் என்று நம் நாடாளுமன்றம் எழுதி வைத்தது எப்போது தெரியுமா? 1976-ல்! சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து.

அந்தக் கதையின் வேர் சிதம்பரம் பக்கத்தில் இருக்கிறது.

சிதம்பரம் என்றதும் நடராஜர் ஞாபகம் வரும், நந்தனார் ஞாபகம் வரும். எல்.இளையபெருமாள் என்ற பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்? 1924-ல் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பிறந்தவர். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பானை. சிறுவன் இளையபெருமாள் அதை உடைத்தான். புதுப் பானை வந்தது. அதையும் உடைத்தான். கடைசியில் தனிப்பானை வழக்கமே போயிற்று என்று சொல்வார்கள்.

அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, 1952-ல் கூடிய முதல் மக்களவையிலேயே எம்.பி. ஆனார். 1957-ல் சிதம்பரம் தொகுதியிலிருந்து மறுபடியும் டெல்லிக்குப் போனார்.

இடையே 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கோயிலில், கிணற்றில், கடையில் தடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், உள்ளே ஒரு ஓட்டை. அவை ‘சமரசம் செய்துகொள்ளக்கூடிய’ குற்றங்கள். புகார் கொடுப்பவர் கூலிக்காரர். புகாருக்கு ஆளானவர் கூலி கொடுப்பவர். சமரசம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுமா? சாதியைச் சொல்லித் திட்டுவதற்கோ அதில் தனிப் பிரிவே கிடையாது.

1965-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தாழ்த்தப்பட்டோரின் நிலை, தீண்டாமை, கல்வி, பொருளாதாரம் எல்லாவற்றையும் ஆராயச் சொன்னது. தலைவர் இளையபெருமாள். 1969-ல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு பரிந்துரை. அதைச் சுட்டிக்காட்டித்தான் 1970-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது.

சென்னை ஒரே வருஷத்தில் செய்தது. டெல்லி?

1970 டிசம்பரில் மக்களவை கலைந்தது. தேர்தல், புது சபை. தீண்டாமைச் சட்டத்தைக் கடுமையாக்கும் திருத்த மசோதா 1972-ல்தான் மக்களவைக்கு வந்தது. வந்ததும் கூட்டுக் குழுவுக்குப் போனது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம்...

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மக்களவை கலைந்தால் அங்கே முடிவாகாமல் கிடக்கும் மசோதாக்களும் காலாவதி. புது சபை வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மக்களவையின் ஐந்து வருஷம் 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் இந்த மசோதாவும் செத்திருக்கும். ஆனால், அது எமர்ஜென்சி காலம். சபை தன் ஆயுளைத் தானே நீட்டித்துக்கொண்டது. அப்படிக் கூடுதலாகக் கிடைத்த நாட்களில்தான், 1976 செப்டம்பரில், மசோதா சட்டமானது! ஜனநாயகத்துக்கு ஆகாத காலத்தில் ஜனநாயகத்துக்கு வேண்டிய ஒரு சட்டம். சரித்திரத்துக்கு இப்படிச் சில குறும்புகள் உண்டு.

1955 சட்டத்துக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று புதுப் பெயர் வந்தது. சமரசம் என்ற ஓட்டை அடைபட்டது. தீண்டாமையின் பேரில் இழிவுபடுத்துவது, இழிவுபடுத்த முயல்வது இரண்டும் குற்றங்களாயின.

1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் குற்றம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனியாகக் குறிப்பிடும் திருத்தத்துக்கும் பழைய கதைதான். 2013 டிசம்பரில் மசோதா வந்தது. 2014-ல் சபை கலைய, அது காலாவதி. மறுபடி கொண்டுவந்து 2015 டிசம்பரில் நிறைவேறி, 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது.

சரி, டீக்கடை வாசல் பொதுமக்கள் பார்வையில் படும் இடம். இணையம்? 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பதில் சொன்னது: அதுவும்தான். பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம், அவர் எதிரிலேயே திட்டியதாகத்தான் அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. 2008 டிசம்பரில், கூச்சல் குழப்பத்துக்கு நடுவே, மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது தகவல் தொழில்நுட்பத் திருத்தச் சட்டம். அதன் 66ஏ பிரிவு, ‘எரிச்சலூட்டும்’ செய்தி என்றாலே மூன்று வருஷம் வரை சிறை என்றது. எரிச்சல் யாருக்கு? 2012-ல், கடலூருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியவர் கைதானார். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை ரத்து செய்தது.

அவசரமாகச் செய்த சட்டம் ஏழு வருஷம்கூடத் தாங்கவில்லை. இழுத்தடித்து வந்த சட்டமோ இணையம் வரை வந்து நிற்கிறது. அதற்காகத் தாமதத்தைக் கொண்டாட முடியாது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே போன ஏழு வருஷமும் யாரோ ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்மார்ட்போன் காலத்துக்கு முன்பே, 2005-ல் இளையபெருமாள் மறைந்துவிட்டார். 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில், வசைச்சொல்லாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். அதே வருஷம் ஜூலை 15-ல் சிதம்பரத்தில் இளையபெருமாளின் நூற்றாண்டு நினைவு அரங்கம் திறக்கப்பட்டது.

நடராஜரைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டு போய் வரலாம். அடுத்த தடவை யாராவது ‘வாயாலதானே சொன்னான்’ என்று சமாதானம் பேச வந்தால், 1976 என்று ஒரு வருஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டும் வரலாம்.