இன்னைக்கு என்ன கொழம்பு?

1951-ஆம் ஆண்டு சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் வெளிவந்தது. மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் கைதேர்ந்தவர் என்பதால் வெளியூர்களில் குடித்தனம் வைத்த உறவினர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அவரும் எழுதி அனுப்பினார். இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போடலாமே என்று ஊக்கப்படுத்தியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அந்தப் புத்தகம் பின்னர் ஆங்கிலத்துக்கும் போனது, இன்றும் விற்கிறது.

நான் அதை ஒரு வரலாற்று ஆவணமாகவே படிக்கிறேன். கல்யாணம் என்ற பெயரில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, முன்பின் தெரியாத அடுப்பின் முன் நிறுத்தப்பட்ட பெண்களின் பதற்றம் அதற்குள் இருக்கிறது. பக்கத்தில் அம்மா இல்லாதபோது ஒரு காகிதம் அம்மாவின் வேலையைச் செய்தது. கைம்பெண்ணை மூலையில் உட்காரவைத்த ஒரு சமூகத்தில், அதே மூலையிலிருந்து ஒரு பெண் நூலாசிரியராக எழுந்து வந்தார். இது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அந்தப் புத்தகம் பதிவு செய்தது எழுதப் படிக்கத் தெரிந்த பிராமணக் குடும்பங்களின் சைவச் சமையலை. கடிதம் எழுதத் தெரிந்தவர்களின் கேள்விகளுக்குத்தான் அங்கே பதில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் பக்கம், அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்திலும் சுற்று ஊர்களிலும், அந்தக் கேள்விக்கு ஒரே வடிவம்தான்: “இன்னைக்கு என்ன கொழம்பு?”

இதை வெறும் குசலம் என்று நினைப்பவர்கள் தினமும் சமைக்காதவர்கள். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் முன்பெல்லாம் உலை வைப்பதே பொழுது சாய்ந்த பிறகுதான். ராத்திரிக்குச் சுடுசோறு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது. அந்த ஒரு வேளைக்குக் கையில் இருப்பது என்ன, அதை எதோடு சேர்ப்பது, எத்தனை வாய்க்கு நிரவுவது என்று ஒருத்தி தினமும் யோசித்தாக வேண்டும். குழாயடியில் கேட்கப்படும் அந்தக் கேள்வி, யோசனையைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழி. “கத்திரிக்கா ரெண்டுதான் கெடக்குது” என்று ஒருத்தி சொன்னால், “மொச்சையப் போட்டுக் கொழம்பு வையி” என்று இன்னொருத்தி சொல்வாள். முற்றிய அவரைக்காயை என்ன செய்வது, முருங்கைக்கீரை கசக்காமல் எப்படி வதக்குவது, பரங்கிக்கொட்டையைத் தூர எறியாமல் எப்படி வறுப்பது என்பதெல்லாம் இப்படித்தான் கைமாறின.

இந்த அறிவு சமையலறையில் பிறந்ததல்ல, கொல்லையில் பிறந்தது. எங்கள் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம். மழை பெய்த பின் கடலைக்கொல்லையிலும் சோளக்கொல்லையிலும் களை முளைக்கும். அதில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் இருக்கும். நிலத்துக்காரருக்கு அது களை, களையெடுக்கும் பெண்ணுக்கு அது ராத்திரிக் குழம்பு. களைக்கொட்டோடு குனிந்தவள் நிமிரும்போது மடி நிறைந்திருக்கும். எது தின்னக்கூடியது, எதைப் பிஞ்சாகக் கிள்ள வேண்டும், எதை எதோடு கலந்து கடைந்தால் ருசி என்பதைப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து களையெடுக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். வேலியில் கோவைக்காய், முடக்கத்தான், பிரண்டை. மழை பொய்த்த மாதங்களுக்குச் சுண்டைக்காயும் கொத்தவரங்காயும் வற்றலாகிப் பானைக்குள் காத்திருக்கும். தாவரவியலும் சத்துணவு இயலும் படித்தவர்கள் தனித்தனியாகக் கற்பதை இவர்கள் ஒரே மூச்சில் கற்றார்கள்.

இந்தப் பகிர்வைப் பழைய காலத்துப் பொற்கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அதற்குள்ளும் சுவர்கள் இருந்தன. ஊர்த்தெருவில் குழம்புக் கிண்ணம் சுவர் தாண்டிப் போகும், அதே கிண்ணம் ஊரிலிருந்து சேரிக்குப் போனால் திரும்பி வராது. சேரியிலிருந்து ஊருக்கோ கிண்ணம் கிளம்பவே கிளம்பாது. ஒரே வரிசையில் களையெடுத்து, ஒரே கீரையைக் கிள்ளிக்கொண்டு போனவர்கள், ஒருத்தி கடைந்ததை இன்னொருத்தி தொடாமல் இருந்தார்கள். செய்முறைக்குத் தீட்டு இல்லை, செய்த கைக்கு மட்டும் இருந்தது. பெண்களின் பொது அறிவு என்று பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

பிறகு நிலம் மாறியது. அரியலூர் மண்ணுக்குக் கீழே இருப்பது ஒரு காலத்தில் கடலாக இருந்த இடத்தின் சுண்ணாம்புக்கல். அதைத் தேடிச் சிமென்ட் ஆலைகள் வந்தன. ரெட்டிபாளையம் என்ற பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதே சிமென்ட் ஆலையால்தான். சுரங்கமான நிலத்தில் கடலையும் முளைக்காது, களையும் முளைக்காது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பரவின. களைக்கொல்லி வந்தது. களைக்கொல்லி தெளித்த கொல்லையில் ஒரு பெண் இரண்டை ஒருசேர இழக்கிறாள்: களையெடுத்த கூலி, மடியில் வந்த கீரை. நில இழப்பின் கணக்கில் ஏக்கர் இருக்கிறது, பட்டாதாரர் பெயர் இருக்கிறது. பட்டா இல்லாத பெண்ணின் ராத்திரிக் குழம்பு எந்தக் கணக்கிலும் இல்லை. கீரை இப்போது சந்தையில் காசுக்குக் கட்டாக வருகிறது. அந்தக் கட்டில் தொய்யக்கீரை இருப்பதில்லை. பார்க்காத கீரையின் பெயரை மகள் எப்படிக் கற்பாள்?

அரசும் பெண்களின் சமையலை நம்பித்தான் திட்டம் போட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் கணவரை இழந்த, ஆதரவற்ற பெண்களுக்கு வேலையில் முன்னுரிமை கிடைத்தது. கைம்பெண் கையால் வாங்கித் தின்னத் தயங்கிய ஊர்களில், அவர்கள் சமைத்ததை ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். உப்புமாவும் கிச்சடியும் காய்கறிச் சாம்பாரும் பட்டியலில் இருக்கின்றன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் பட்டியல் மேலிருந்து வருகிறது, கரண்டி மட்டும் இவர்கள் கையில். எந்தப் பருவத்தில் எந்தக் கீரை மலிவு, பிள்ளைகள் எதைத் தட்டில் ஒதுக்கிவைக்கிறார்கள் என்பது அடுப்படியில் நிற்பவளுக்குத் தெரியும். பட்டியல் போடும் இடத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

வீட்டுக்குள்ளே நிலைமை என்ன? இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். இந்த நிமிடங்களில் அரிவதும் வதக்குவதும் அடங்கும். பேருந்தில் நிற்கும்போதும் நூறு நாள் வேலையில் மண் சுமக்கும்போதும் “ராத்திரிக்கு என்ன?” என்று மனதுக்குள் ஓடும் யோசனை இந்தக் கணக்கில் சேருமா? அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் பெரிய வீட்டின் இருண்ட சிறு சமையலறைதான் பெண்களின் அதிகாரமாகவும் சிறையாகவும் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும் அறிவுக்கும் அந்த இரண்டு முகமும் உண்டு. அதை மதிக்கிறோம் என்று சொல்லியே அவளை அடுப்படியில் நிறுத்திவைப்பது எளிது.

அதனால் எனக்குத் தோன்றுவது இரண்டு வேலைகள். ஒன்று, மீனாட்சி அம்மாள் தம் வீட்டாருக்குச் செய்ததை மற்ற அடுப்படிகளுக்கும் செய்வது: கொல்லைக் கீரைகளின் பெயர்களை, பக்குவங்களை, சொன்ன பெண்களின் பெயரோடும் ஊரோடும் தெருவோடும் எழுதிவைப்பது. கல்லூரி மாணவிகள் தங்கள் ஆத்தாக்களிடமும் அப்பாயிகளிடமும் இதை இன்றே தொடங்கலாம். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆளில்லை. இரண்டாவது, எழுதியதை மகளிடம் மட்டும் கொடுக்காமல் மகனிடமும் கொடுப்பது. “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று ஆண்களும் கேட்கிறார்கள், தட்டின் முன் உட்கார்ந்தபடி. குழாயடியில் நின்று, வீட்டில் இரண்டு கத்திரிக்காய்தான் இருக்கிறது என்ற கவலையோடு அவர்களும் அதைக் கேட்கட்டும்.