தூசி வழக்கு - 6: 96 மணி நேரம்

நியூயார்க் காற்றைச் சுவாசிக்கப் பயமில்லை என்று 2001 செப்டம்பர் 18 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவி கிறிஸ்டின் டாட் விட்மன் அறிவித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து அன்றோடு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்படி உறுதி கொடுக்கப் போதிய ஆய்வு கையில் இல்லை என்று அதே முகமையின் தலைமைக் கண்காணிப்பாளர் பின்னர் எழுதினார். ஆனால் அது 2003 ஆகஸ்டில்!

அதற்குள் இடிபாடுகளில் வேலை செய்தவர்களின் மூக்குகள் வெந்துவிட்டன. இடிபாட்டுத் தூசியில் பெரும்பங்கு பொடிந்த சிமென்ட். கூடவே கண்ணாடி இழை, கல்நார், ஈயம். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கு பொத்துப்போகுமே, அந்தக் காரம்தான் மூக்கின் உட்சவ்வில் நாள்கணக்கில் படிந்தது. டிசம்பர் வரை இடிபாடுகளுக்குள் நெருப்பு கனன்றது. முதலில் சாதாரணச் சளி போலத்தான் இருந்தது. பிறகு நெற்றிப் பாரம், குனிந்தால் கன்னத்தில் குத்தல், சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு. சைனஸ் என்றார்கள் மருத்துவர்கள். மருந்தை நிறுத்தினால் திரும்பி வந்தது.

நஷ்ட ஈட்டுக்கு அரசு ஒரு நிதி வைத்திருந்தது. பொறுப்பாளர் கென்னத் ஃபைன்பெர்க். 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்த நிதி. ஆனால் மீட்புப் பணியாளராக இருந்தாலும் முதல் 96 மணி நேரத்துக்குள் அங்கே நின்றிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வந்து, மாதக்கணக்கில் இரும்பு அறுத்தவருக்கு அதில் இடமில்லை. 2003 டிசம்பர் 22-ல் மனு வாங்குவதும் நின்றது. மெதுவாக முற்றும் நோய்க்கு இப்படி ஒரு கெடுவா? மனம் ஆறவில்லை.

மிச்சமிருந்தது நீதிமன்றம். நீதிபதி ஆல்வின் ஹெல்லர்ஸ்டைன் முன் வழக்குகள் குவிந்தன. போகப்போகப் பத்தாயிரத்தைத் தாண்டின. தூசிதான் காரணம் என்று ஒவ்வொருவரும் நிரூபித்தாக வேண்டும். முன்பே அலர்ஜி இருந்ததா, புகைபிடித்தாரா என்ற கேள்விகளுக்கும் பதில் வேண்டும். நகர நிர்வாகமோ, பேரிடர்க் காலத்தில் தன்மீது வழக்கே செல்லாது என்று வாதாடியது.

இந்த நிலையில்தான், 2006 ஜனவரி 5 அன்று, இடிபாடுகளில் வேலை செய்த துப்பறிவாளர் ஜேம்ஸ் ஸட்ரோகா இறந்தார். வயது 34. அந்தத் தூசிக்கும் இந்த மரணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றது நியூஜெர்சியில் நடந்த பிரேதப் பரிசோதனை. கேட்டுக்கொண்டிருந்த ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நோயாளிகள் நம்பினார்கள்.

மறு ஆண்டு, நியூயார்க் நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் ஹிர்ஷ் ஸட்ரோகாவின் நுரையீரல் திசுவை ஆராய்ந்தார். அவர் சொன்னது வேறு!

(தொடரும்)