செஞ்சிக் குன்றுகளில் ஒரு வலம்

பௌர்ணமிதோறும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் செல்லும் பேருந்துகள் செஞ்சியைக் கடக்குங்கால், ஜன்னலோரத்தில் அமர்ந்தோர் ராஜகிரியை அண்ணாந்து நோக்கி, 'அதோ தேசிங்குராஜன் கோட்டை' என்று குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுவர். அக்கோட்டைக்கு வடபால், மேலச்சேரி, சிங்கவரம், திருநாதர்குன்று ஆகிய மூன்றையும் தொட்டு மீளும் வேறொரு வலம், ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கத்தக்கதாய் இருக்கிறதென்பதை அவர்களுள் அறிந்தோர் மிகச் சிலரே.

நெல்வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே திடுமென எழுந்து நிற்கும் இக்கற்குன்றுகள் கடலில் சிதறிய தீவுகளை நினைவூட்டுவன. சமவெளியில் தனித்தெழும் இத்தகைய குன்றுகளுக்கு ஜெர்மானியப் புவியியலார் 'தீவுமலை' என்றே நாமகரணம் செய்தனர்; ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பிய நாட்களில் அப்பெயரின் பொருத்தம் தானே விளங்கும்.

வலமாதலின் மேற்கே தொடங்கி மேலச்சேரிக்கு முதலிற் செல்லுதல் முறை. பழைய செஞ்சி என வழங்கும் அவ்வூரில் பல்லவர் காலத்துக் குடைவரைச் சிவாலயம் ஒன்றுண்டு. சந்திராதித்தன் என்பான் அதனைச் சிகரி பல்லவேசுவரம் என்ற பெயரால் எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறும்.

கிழக்கே திரும்பினால் சிங்கவரம். குன்றைக் குடைந்த கருவறையில், பாறையிலேயே வடித்த அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபை எதிர்த்துப் போர்க்களம் புகுமுன் விடைபெற வந்த தேசிங்கை, 'இன்று போகாதே' எனத் தடுத்தும் அவன் கேளாமையால், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஐதிகம். பல்லவர் காலத்துச் சிற்பத்தின் முகச்சாய்வுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இளைஞனைக் காரணமாக்கும் இக்கதையைச் சரித்திர ஆசிரியர் ஏற்கமாட்டார்; எனினும், அவரும் அந்தச் சாய்வை ஒருமுறை உற்றுப் பாராமல் படியிறங்குவதில்லை.

திரும்பும் வழியில், சிறுகடம்பூரை அடுத்து நிற்பது திருநாதர்குன்று. பெரும்பாறையொன்றின் முகத்தில், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில், தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் புடைப்புருவங்களாய் வீற்றிருக்கின்றனர். ஆயினும், என்னை அங்கே நெடுநேரம் நிறுத்துவது சில வரிகளேயுள்ள ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. வடக்கிருத்தலைப் புலவர் வாய்மொழியில் அறிந்த நமக்கு, அதே உறுதி நாட்கணக்கோடு கல்லில் நிற்கக் காண்பது வேறோர் அனுபவம். அரசன் பெயர் இல்லை, வெற்றியில்லை, தானமில்லை. 'ஐ' என்னும் எழுத்து நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய வடிவில் காணப்படும் கல்வெட்டு இதுவென அறிஞர் கூறுவர். அவ்வெழுத்து நோன்பின் எண்ணாகிய 'ஐம்பத்தேழில்' அமைந்திருக்கிறது. பின்னொரு காலத்தில் இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து இதே குன்றில் முடிந்தார் என்பதற்கும் கல்லே சான்று. இச்சமண நெறியினர் மறைந்துவிடவில்லை, மேல்சித்தாமூரில் அவர்தம் மடம் இன்றும் விளங்குகிறது.

மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சி 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபின் ராஜகிரிக்கு வருவோர் தொகை பெருகும், பெருகட்டும். அவர்களுள் ஒருவரேனும் திருநாதர்குன்றையும் நாடுவாராயின் அவரிடம் ஒரு விண்ணப்பம்: எழுத்துகளைப் பார்க்கச் சுண்ணக்கட்டியோ கரியோ வேண்டா, காலைவெயில் சாய்வாகப் படும்வரை அருகே பொறுமையாக அமர்ந்திருங்கள்.