நினைவுக்குத் துணையாகும் படப்புத்தகம்

தில்லியின் கரோல்பாகிலும் மும்பையின் மாதுங்காவிலும் பிழைப்பை நாடி வந்து குடியேறிய தமிழர் பலர் இன்று முதுமை எய்தியிருக்கின்றனர். அவர்களுள் சிலரிடம் ஞாபகம் மெல்ல நழுவக் காண்கிறோம். காலையில் உண்டதை மறக்கின்றனர்; பேரனைத் தம்பி என்று அழைக்கின்றனர்; ஐம்பது ஆண்டு பேசிய இந்தி நாவில் வர மறுக்கிறது. ஆனால், பிறந்த ஊர்க் கோயிலின் படம் ஒன்றைக் கண்டால் முகம் மலர்கிறது. தமிழில் பேச்சும் பிறக்கிறது. அந்த மலர்ச்சியையே நோயாளிக்குத் துணையாக்கலாம் என்று மனிதர் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

1906 நவம்பர் 3-ஆம் நாள், ஜெர்மனியின் டூபிங்கென் நகரில் மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், ஞாபகம் குலைந்து மாண்ட ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட மாறுதல்களை எடுத்துரைத்தார். 1910-இல் அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. எனினும் அது நடுவயதினருக்கு அரிதாக வரும் நோய் என்றே எண்ணினர். முதியோரின் மறதியை மூப்பின் இயல்பு என்று ஒதுக்கினர். முதியோரிடம் காண்பதும் பெரும்பாலும் அதே நோய்தான் என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்தியது 1976-இல்தான்.

இதற்கிடையே, பழங்கதை பேசுவது அறிவு தளர்வதன் அடையாளம் என்ற எண்ணமும் மாறியது. வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான பணி என்று ராபர்ட் பட்லர் என்னும் மருத்துவர் 1963-இல் எழுதினார். 1990-இல் மிஷெல் பூர்ஷ்வா என்ற அமெரிக்க ஆய்வாளர், அல்ஸைமர் நோயாளிகள் மூவருக்குச் சிறு ஏடுகள் செய்து கொடுத்தார். அவரவருக்குப் பழகிய மனிதர், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றின் படங்களும், படத்துக்கொரு எளிய வாக்கியமும் அவற்றில் இருந்தன. ஏடு கையில் இருந்தபோது அவர்கள் பேச்சில் உண்மைச் செய்திகள் மிகுந்தன. தெளிவற்ற சொற்கள் குறைந்தன.

இந்தியாவில் இந்நோயாளர்களுக்கென ஒரு தேசிய சங்கம் 1992-இல் கேரளத்தில் தோன்றியது. 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுற்றவர் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவ்வீடுகளில் நம் வீடும் ஒன்றாக இருக்கலாம்.

படமும் கதையும் நம் முதியோருக்குப் புதியன அல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, மணியம் வரைந்த சித்திரங்களோடு அதன் பக்கங்களைச் சேர்த்துப் பைண்டு செய்து காத்த குடும்பங்கள் எத்தனையோ! அத்தகைய தொகுப்பு வீட்டில் இருந்தால் பரணிலிருந்து இறக்குவோம். இல்லையேல் நாமே ஒன்று செய்வோம். பக்கத்துக்கு ஒரு படம். அதன் கீழே பெரிய எழுத்தில், தமிழில், ஒரே வாக்கியம்: 'இது நான் படித்த பள்ளிக்கூடம்.' பின்னர்க் கற்ற மொழிகள் அகன்ற பின்னும் தாய்மொழி தங்குவது பலரிடம் காணப்படுகிறது. அயல் மாநிலத்தில் வளர்ந்த பேரக்குழந்தைகளும் அந்த வாக்கியத்தை எழுதும் சாக்கில் தமிழ் எழுதிப் பழகுவர்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். படத்தைக் காட்டி, 'இது யார், சொல்லுங்கள்' என்று பரீட்சை வைக்கலாகாது. விடை தெரியாமல் விழிக்கும் முதியவருக்கு அது அவமானம். விடையைப் பக்கத்திலேயே எழுதி வைப்பது அதற்காகத்தான். குழந்தைக்குரிய புத்தகத்தைக் கையில் திணிப்பதும் தகாது. அவர் வாழ்ந்து முடித்த பெரியவர்.

இப்புத்தகம் நோயைத் தீர்க்காது. இழந்த நாட்களை மீட்டும் தராது. ஆயினும், அருகில் அமர்ந்து ஒரு பக்கத்தைப் புரட்டும் அந்தக் கால் மணி நேரத்தில், நம்மை வளர்த்தவரோடு நாம் மீண்டும் பேசிக்கொண்டிருப்போம்.