நிறை மாறிய காசெல்லாம் போலியா?

அக்பர் காலத்துச் செப்புத் தாம் இரண்டு நம்முன் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் நார்னௌல் அக்கசாலையின் பெயரைத் தாங்கியவை. ஒன்று 20.8 கிராம்; மற்றொன்று 19.9 கிராம். இரண்டாவதற்கு எதிரே 'ஐயத்திற்குரியது' என்று குறித்துவிட்டு அடுத்த காசுக்கு நகர்ந்துவிடுவது எளிது. அந்த எளிமையே நம் தரவுகளைக் கெடுக்கிறது என்பது இப்பதிவின் வாதம்.

முதலில் விதிக்கப்பட்ட எடையைப் பார்ப்போம். ஆயின்-இ-அக்பரி தாமின் எடையை 5 டாங்க், அதாவது 1 தோலா 8 மாஷா 7 சுர்க் என்கிறது. 12 மாஷா ஒரு தோலா, 8 சுர்க் ஒரு மாஷா. ஆக மொத்தம் 167 சுர்க். இன்றைய அளவில் ஏறத்தாழ 20.9 கிராம். இத்தனை நுட்பமாக எடை விதித்த அரசின் காசு ஏன் ஒரு கிராம் அளவுக்கு விலக வேண்டும்?

விடை செம்பின் மதிப்பில் இருக்கிறது. ஆயின் கணக்குப்படி 40 தாம் ஒரு ரூபாய். ரூபாயின் எடை சுமார் 11.4 கிராம் வெள்ளி. எனவே ஒரு தாம் சுமார் 0.285 கிராம் வெள்ளிக்குச் சமம். தாமில் அரை கிராம் செம்பு குறைந்தால் இழப்பு வெறும் 7 மில்லிகிராம் வெள்ளி. கணக்கர்கள் ஒரு தாமை 25 ஜீத்தலாகப் பகுத்தனர். ஜீத்தல் ஏட்டில் மட்டுமே வழங்கிய அலகு. அரை கிராம் செம்பு அந்த ஏட்டலகின் மதிப்பைக்கூட எட்டாது. ஒவ்வொரு வில்லையையும் தராசிலிட்டுச் சரிசெய்ய முனைந்தால், மிச்சமாகும் செம்பைவிடக் கூலி மிகுந்துவிடும். இவ்வளவு செம்புக்கு இத்தனை காசு என்ற மொத்தக் கணக்கே செம்புக்குப் போதுமானது. மொகரும் ரூபாயும் தேய்ந்தால் அவற்றை எவ்வாறு ஏற்பது என்பதை ஆயின் அரிசி எடையளவில் விதிக்கிறது. அத்தகைய கண்டிப்பு பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரியது.

அக்கசாலையை விட்டு வெளியேறிய பின்பும் எடை நிலைத்திருப்பதில்லை. கைமாறக் கைமாறக் காசு தேய்கிறது. மண்ணுள் புதைந்தால் செம்பு ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி எடை கூடலாம். உலோகம் கரைந்து குறையவும் செய்யலாம். துப்புரவு செய்பவர் அமிலத்தில் இட்டால் பச்சைப் படலத்துடன் எழுத்தின் விளிம்பும் போய்விடும். நாம் தராசில் காண்பது இவை அனைத்தின் கூட்டுத்தொகை.

இனி முறையியலுக்கு வருவோம். விதித்த எடையிலிருந்து விலகிய காசுகளைப் போலி என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியைக் கண்டு, 'விதித்த எடை உறுதியாயிற்று' என்று எழுதினால் அது சுற்றிவளைத்த வாதம். முடிவை முன்கூட்டியே தரவுக்குள் புகுத்திவிட்டோம். நூல்களில் அச்சான எடையைப் பார்த்துச் சரியான எடையில் வார்ப்பது போலி செய்பவனுக்குக் கடினமான வேலையும் அன்று. ஆகவே சரியான எடை மெய்ம்மைக்குச் சான்றாகாது. விலகிய எடை பொய்ம்மைக்கும் சான்றாகாது. வார்ப்புக் குமிழி, விளிம்பில் தெரியும் அச்சுப் பொருத்தக் கோடு, எழுத்தின் மழுங்கல், அறியப்பட்ட முத்திரை அச்சுகளுடன் ஒப்புமை ஆகியவற்றையே முதலில் நோக்க வேண்டும்.

சிதறலும் சரிவும் வேறு வேறு. அவுரங்கசீப் காலத்தில், 1660களில், செம்பு அரிதாகி விலையேறியபோது தாமின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு 14 கிராம் அளவுக்கு வந்தது. அங்கு எடைப் பரவலின் திரளே இடம்பெயர்கிறது; அது அரசின் முடிவு. ஒரே திரளுக்குள் காசுக்குக் காசு காணும் வேறுபாடு பட்டறையும் காலமும் செய்த வேலை. தனிக் காசு ஒன்றை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

டி. டி. கோசாம்பி தட்சசீலத்து வெள்ளி முத்திரைக் காசுகளை எடையிட்டு ஆராய்ந்தபோது இந்தச் சிதறலைப் பிழையாகக் கருதவில்லை. காசு எவ்வளவு காலம் புழங்கியது என்பதற்கான சான்றாகவே அதைப் படித்தார். செப்புக் காசுக்கும் அந்தப் பார்வை தேவை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சராசரியை மட்டும் தராதீர்கள். ஒவ்வொரு காசின் எடையையும் விட்டத்தையும் தேய்மானத்தையும் படல நிலையையும் தனித்தனியே பதியுங்கள். ஒதுக்கிய காசு இருந்தால் காரணத்துடன் பட்டியலிலேயே வையுங்கள். இன்று நாம் பேழையிலிருந்து நீக்கும் 19.9 கிராம் தாம், நாளை ஒருவர் எழுதவிருக்கும் வரலாற்றின் சான்றாக இருக்கலாம்.