சுழல் துப்பாக்கி முத்திரைகள்

சுழல் துப்பாக்கி முத்திரைகள் என்பன, ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் மீது பொறிக்கப்படும் பெயர்கள், எண்கள், குறிகள் ஆகியனவாகும். பழைய துப்பாக்கி ஒன்றைச் செய்தவர், அதன் வகை, காலம் ஆகியவற்றை அறிய இவையே முதன்மைச் சான்றுகள். பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் பயன்பட்ட சுழல் துப்பாக்கிகளுள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட வெப்ளி குறிப்பிடத்தக்கது.

முத்திரை வகைகள்

செய்தவர் பெயர்: வெப்ளி நிறுவனம் 1897 இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்தது. எனவே 'வெப்ளி அண்ட் ஸ்காட்' என்னும் பெயர் உள்ள துப்பாக்கி அவ்வாண்டிற்கு முந்தையதாக இருக்க இயலாது.

வகைக்குறி: இது குழலின் மேற்பட்டையில் காணப்படும். படைக்கான 0.455 அங்குல வெப்ளியில் ஆறு வகைகள் உள்ளன. முதல் வகை 1887 இலும், நான்காவது 1899 இலும், ஐந்தாவது 1913 இலும், ஆறாவது 1915 இலும் ஏற்கப்பட்டன.

சோதனை முத்திரை: குழல் வெடிப்பழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான சான்று இது. பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813 இல் நிறுவப்பட்டது. முடியின் கீழ் 'என்.பி.' என்ற எழுத்துகள் இருப்பின், புகையில்லா வெடிமருந்துச் சோதனை 1904 இலோ அதன் பின்னரோ நடந்தது எனக் கொள்ளலாம்.

உடைமைக்குறி: அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் குறிக்கும். முனையோடு முனை சேர்ந்த இரு அம்புகள், அரசு அதனை விற்றுவிட்டதைக் காட்டும்.

காலத்தைக் கணித்தல்

எந்த முத்திரையும் தனித்து முடிவு தராது. ஆறாம் வகையை வெப்ளி நிறுவனம் 1921 வரை செய்தது. பின்னர் 1926 வரை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை செய்தது. ஆகவே ஆறாம் வகைக் குறியும் என்ஃபீல்டு பெயரும் சேர்ந்திருப்பின் காலம் 1921-1926 ஆகும். காப்புரிமை ஆண்டைச் செய்யப்பட்ட ஆண்டாகக் கொள்வது பொதுவான பிழை. பாக்கித்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதியில் செய்யப்படும் போலிகளில் முத்திரைகளும் படியெடுக்கப்படுகின்றன. தலைகீழ் எழுத்துகளும் எழுத்துப்பிழைகளும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

தொடர் எண்ணின் சிறப்பு

பிற முத்திரைகள் வகையையும் காலத்தையும் காட்ட, தொடர் எண் ஒரு தனித் துப்பாக்கியையே அடையாளம் காட்டும். 1928 திசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்சைச் சுட பகத்சிங் பயன்படுத்திய 0.32 அங்குல கோல்ட் துப்பாக்கி இதற்குச் சான்று. (இது சுழல் துப்பாக்கி அன்று, தானியங்கிக் கைத்துப்பாக்கி.) இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்தில் கறுப்பு வண்ணம் பூசப்பட்டு அடையாளமின்றி இருந்த அது, 168896 என்னும் எண்ணால் 2016 இல் இனங்காணப்பட்டது.

சட்டமும் ஆவணங்களும்

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, துப்பாக்கியின் பெயர், எண் முதலிய அடையாளங்களை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. பரம்பரையாக வந்த துப்பாக்கியாயினும் உரிமம் தேவை. துருவை நீக்க அரம் கொண்டு தேய்த்தால் சான்றும் அழியும்.

பழைய உரிமங்களைத் தேடுவோர் மாவட்ட எல்லை மாற்றங்களையும் கருத வேண்டும். தர்மபுரி மாவட்டம் 1965 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதால், அங்கு அதற்கு முன் வழங்கப்பட்ட உரிமங்கள் சேலம் மாவட்டத்தின் பெயரிலேயே அமையும். தொழிற்சாலை முத்திரை ஏதுமற்ற நாட்டுத் துப்பாக்கிகளின் காலத்தை இம்முறையில் கணிக்க இயலாது.