கடலடி நிரப்பு மணலை இறுக்குதல்

கடலடி நிரப்பு மணலை இறுக்குதல் என்பது, கடலடியில் கொட்டி நிரப்பப்பட்ட தளர்ந்த மணலை, அதில் அமையும் குழாய்களையும் கட்டடங்களையும் தாங்கும் அளவுக்கு அடர்த்தியாக்கும் கட்டுமான முறையாகும்.

தேவை

நீருக்குள் கொட்டப்படும் மணலின் துகள்களிடையே இடைவெளி மிகுதியாக இருக்கும். அதில் நீர் நிறைந்திருக்கும். நிலநடுக்கமோ பெரிய அலைகளோ அம்மணலை அசைக்கும்போது துகள்கள் நெருங்க முயல்கின்றன. நீர் உடனே வெளியேற இயலாததால் அதன் அழுத்தம் உயர்ந்து, மணல் சிறிது நேரம் நீர்மம் போல் ஆகிறது. இது மண் நீர்மமாதல் எனப்படும். அப்போது எடை மிகுந்த அமைப்புகள் அமிழும். மணலில் புதைக்கப்பட்ட எரிவளிக் குழாய் போன்ற எடை குறைந்தவை மேலெழுந்து வளையும், உடையவும் கூடும்.

செய்முறை

1930களில் ஜெர்மனியில் உருவான அதிர்வு இறுக்க முறை பரவலாகப் பயன்படுகிறது. பாரந்தூக்கியில் தொங்கும் நீண்ட உருளை வடிவ அதிர்வுக் கருவி, நீர்த்தாரையின் உதவியுடன் மணலுக்குள் இறக்கப்பட்டு, படிப்படியாக மேலே இழுக்கப்படும். ஒவ்வொரு படியிலும் சுற்றியுள்ள துகள்கள் நெருங்குகின்றன. மேற்பரப்பில் உண்டாகும் பள்ளம் மணலால் நிரப்பப்படும். களிமண் மிகுந்த மண்ணுக்கு இம்முறை ஏற்றதன்று. இறுக்கத்தின் அளவு கூம்பு ஊடுருவல் சோதனையால் சரிபார்க்கப்படுகிறது.

எடுத்துக்காட்டுகள்

இலங்கையில், 2014இல் தொடங்கப்பட்ட கொழும்புத் துறைமுக நகரத் திட்டத்தில், கடலை நிரப்பி 269 எக்டேர் நிலம் உருவாக்கப்பட்டது. நிரப்பும் பணி 2019இல் நிறைவடைந்தது. அங்கு நிரப்பப்பட்ட மணலை இறுக்க அதிர்வு முறை கையாளப்பட்டது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, தோக்கியோ விரிகுடாவை நிரப்பி உருவான உராயசு நகரில் மண் நீர்மமானது. பாதாளச் சாக்கடைக் குழிகள் தரைக்கு மேல் எழும்பின, குழாய்கள் உடைந்தன. முன்பே இறுக்கப்பட்டிருந்த இடங்கள் பெரும்பாலும் சேதமின்றித் தப்பின.